வெள்ளவத்தையில் 1965 ஸ்ட்ராட்டோகாஸ்டர்: பூச்சு வெடிப்பும் கழுத்து வளைவும்

கேள்வி: ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மின்கிட்டார். உடம்பெல்லாம் மயிரிழை வெடிப்பு, கழுத்தில் ஏழாம் ஃப்ரெட் (குறுக்கே பதித்த உலோகப் பட்டி) பக்கம் கம்பிகள் உயர்ந்து நிற்குது. வீடு கடலுக்குக் கிட்ட. புதுசா பூச்சு அடிக்கலாமோ?

பதில் 1: தயவுசெய்து அடிக்காதீங்கோ! மேல்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். காலம் போகப் போக இறுகிவிடும். மரம் விரிந்து சுருங்கும்போது ஈடுகொடுக்காமல் வெடிக்கும். ஏசி அறையிலிருந்து நேரே வெயிலுக்குக் கொண்டுபோனால் இன்னும் கூடும். அசல் பூச்சு போனால் விலையும் விழும். ரப்பர் பிடி உள்ள ஸ்டாண்டும் வேண்டாம், லாக்கர் இளகி ஒட்டிக்கொள்ளும்.

பதில் 2: கழுத்தை முதல் அளவுங்கோ. முதல் ஃப்ரெட்டில் காப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்தினால், எட்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடைவெளி 0.25 மிமீ அளவில் இருக்கவேணும். கூடவென்றால் ட்ரஸ் ராட்டை (கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டு) இறுக்கவேணும். இதிலே அந்த ராட்டை இறுக்கும் நட், கழுத்து உடம்போடு சேரும் முனையில் இருக்கு: கம்பிகளைத் தளர்த்தி, நாலு திருகாணியையும் கழற்றிக் கழுத்தை எடுங்கோ. வலஞ்சுழியாகக் கால் சுற்று, அதுக்கு மேலே ஒரேயடியாக வேண்டாம். பூட்டி, சுருதி சேர்த்து, ஒரு நாள் விட்டுத் திரும்ப அளவுங்கோ. இறுக்கமாக நின்றால் பலவந்தம் பண்ணக் கூடாது. ராட் முறிந்தால் ஃப்ரெட்போர்டையே பெயர்க்கவேண்டி வரும்.

பதில் 3: உப்புக்காற்றுக்கு முதல் பலி பிரிட்ஜ் சேடில் (உடம்பில் கம்பிகளைத் தாங்கும் துண்டுகள்) திருகுகள். துரு பிடிக்கமுன் ஒரு துளி மெஷின் எண்ணெய், மிச்சத்தைத் துடைத்துவிடுங்கோ. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லோடு ஈரப்பதமானி ஒன்றும். 45–55 சதவீதம் நல்லது.