3 ஜிபி ராம் போன்: எல்லா ஆப்பையும் மூடினாலும் மெதுவாகவே ஓடுகிறது, பணம் வந்த தகவலும் வருவதில்லை

தையல்கடை:
வணக்கம். வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். போன் 2021-இல் வாங்கியது. 3 ஜிபி ராம், 32 ஜிபி ஸ்டோரேஜ், ஆண்ட்ராய்டு 11.

இரண்டு தொல்லைகள். வாடிக்கையாளர் அனுப்பிய கழுத்து டிசைனை வாட்ஸ்அப்பில் பார்த்துக்கொண்டே கேமராவைத் திறந்து துணியைப் படம் எடுப்பேன். திரும்பி வந்தால் வாட்ஸ்அப் முதலில் இருந்து திறக்கிறது. கையில் சாக்பீஸோடு அந்தப் படத்தை மறுபடி தேட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றுதான் பெரிய கஷ்டம். ஸ்கேன் செய்து பணம் அனுப்பினால், வந்த தகவல் நான் அந்த ஆப்பைத் திறந்தால்தான் வருகிறது. போன வாரம் ஒரு அம்மா வாசலில் பத்து நிமிடம் நின்றார். அனுப்பிவிட்டேன் என்கிறார், என் போனில் சத்தமே இல்லை. அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒரு க்ளீனர் ஆப் போட்டிருக்கிறேன். "87% நிரம்பிவிட்டது" என்று சிவப்பில் காட்டும். அழுத்தினால் 60-க்கு இறங்கும், ஐந்து நிமிடத்தில் மறுபடி ஏறிவிடும். இரவில் செட்டிங்ஸ் போய் ஒவ்வொரு ஆப்பாக ஃபோர்ஸ் ஸ்டாப்பும் கொடுக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது?

கல்லூரி மாணவன்:
அக்கா, செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்டு நம்பரை 7 தடவை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் பேக்கிரவுண்ட் பிராசஸ் லிமிட் என்று இருக்கும், "நோ பேக்கிரவுண்ட் பிராசசஸ்" வைத்துவிடுங்கள். ராம் நிறைய மிச்சமாகும்.

செல் சர்வீஸ்:
தம்பி சொன்ன டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வேண்டும், ஆனால் அந்த லிமிட்டை மட்டும் தொடாதீர்கள் அக்கா. அதை வைத்தால் கேமரா திறந்தவுடன் வாட்ஸ்அப் போய்விடும். உங்கள் முதல் தொல்லையே அதுதானே. போனை ரீஸ்டார்ட் செய்தால் அந்த செட்டிங் தானாகப் பழையபடி ஆகிவிடும் என்பதும் ஒரு விஷயம்.

பதினோரு வருடமாக இந்தக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். ராம் காலியாக இருந்தால்தான் போன் வேகமாக ஓடும் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் நம்புகிறார்கள். உங்கள் வெட்டும் மேஜையை நினைத்துப் பாருங்கள். ஒரு ப்ளவுஸ் துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறீர்கள். முதல் துணி மறுபடி தேவைப்பட்டால் கையை நீட்டினால் போதும். மேஜையில் இடம் போதாவிட்டால்தான் பீரோவுக்குப் போகும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான் வைத்திருக்கிறது. நீங்கள் விட்டுவந்த ஆப் ராமில் மடித்து வைத்த மாதிரி கிடக்கும், பெரும்பாலும் எந்த வேலையும் செய்யாது. இடம் தேவைப்பட்டால் சிஸ்டமே கடைசி வரிசையில் இருப்பதை எடுத்து வெளியே போடும். க்ளீனர் ஆப்போ நல்ல துணி, வேண்டாத துணி பார்க்காமல் எல்லாவற்றையும் பீரோவுக்குள் தள்ளிவிடுகிறது. மறுபடி எடுக்க போனுக்கு நேரமும் ஆகும், பேட்டரியும் செலவாகும். எண்ணிக்கை ஐந்து நிமிடத்தில் ஏறுவது அதனால்தான்.

ஆனாலும் 3 ஜிபி என்பது சின்ன மேஜைதான். சிஸ்டமே அதில் ஒரு பெரிய பங்கைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் யார் சும்மா இருக்கிறார்கள், யார் நிஜமாகவே ஓடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ரன்னிங் சர்வீசஸ்" திறந்து, நீங்கள் தொடாமலே ஓடும் ஆப்களின் பெயரை எழுதுங்கள். அங்கேயே "மெமரி" பக்கமும் பாருங்கள், கடந்த சில மணி நேரத்தில் எந்த ஆப் எவ்வளவு எடுத்தது என்று வரும்.

அப்புறம் ஒரு சோதனை. பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் பவர் ஆஃப் மேல் விரலை வைத்தபடியே இருங்கள். சேஃப் மோடு கேட்கும், சரி கொடுங்கள். சில போன்களில் வேறு வழி இருக்கும், இது வராவிட்டால் சொல்லுங்கள். அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது. கேமராவும் கேலரியும் மாற்றி மாற்றித் திறந்து பாருங்கள். அப்போது வேகமாக இருந்தால் பிரச்சினை போனில் இல்லை, போட்ட ஆப்பில் இருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

தையல்கடை:
அண்ணா, சேஃப் மோடில் போன் வாங்கிய புதிதில் இருந்த மாதிரி ஓடியது.

ரன்னிங் சர்வீசஸில் க்ளீனர் ஆப், டார்ச் ஆப் ஒன்று, வால்பேப்பர் மாற்றும் ஆப் ஒன்று, பையன் போட்ட இரண்டு விளையாட்டு எல்லாம் இருக்கின்றன. டார்ச் ஆப்பை ஒரு வருடமாகத் திறக்கவே இல்லை. டார்ச்சையும் வால்பேப்பரையும் எடுத்துவிட்டேன். க்ளீனரை எடுக்க முடியவில்லை, அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருக்கிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டோரேஜில் 1 ஜிபிதான் மிச்சம்.

செல் சர்வீஸ்:
அந்த க்ளீனர் உங்களிடம் டிவைஸ் அட்மின் அனுமதி, அதாவது போனையே நிர்வகிக்கும் அனுமதி, கேட்டு வாங்கியிருக்கும். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடலில் "டிவைஸ் அட்மின்" என்று அடியுங்கள். அந்த ஆப்புக்கு எதிரே இருக்கும் அனுமதியை நீக்கினால் பட்டன் வேலை செய்யும். அதே சமயம் "மற்ற ஆப்களின் மேல் காட்டு" என்ற அனுமதி யாருக்கெல்லாம் இருக்கிறது என்றும் பாருங்கள். திடீர் விளம்பரம் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வரும்.

ஸ்டோரேஜ் 1 ஜிபி என்பதை விட்டுவிடாதீர்கள். ராம் வேறு, ஸ்டோரேஜ் வேறு, இரண்டையும் நாம் மெமரி என்றே சொல்வதால்தான் குழப்பம். ஆனால் ஸ்டோரேஜ் நிரம்பினாலும் போன் திணறும், புதிதாக எழுத இடம் தேடிக்கொண்டே இருக்கும். குறைந்தது 4, 5 ஜிபியாவது காலியாக வையுங்கள். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். முதலில் அவற்றை அழியுங்கள்.

அளவு நோட்டின் படங்கள் இருந்தால் அழிப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரிலோ கார்டிலோ ஏற்றிவிடுங்கள். ஆப்களில் "க்ளியர் கேஷ்" கொடுக்கலாம், தற்காலிகக் கோப்புகள்தான் போகும், பயமில்லை. "க்ளியர் டேட்டா" மட்டும் கொடுக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அதைக் கொடுத்தால் பேக்கப் எடுக்காத பேச்செல்லாம் போய்விடும். போன மாதம் ஒருவர் அப்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டு என்னிடம் வந்தார், என்னால் ஒன்றும் மீட்டுத் தர முடியவில்லை.

ஆப் எழுதுபவன்:
பணத் தகவல் பற்றி நான் சொல்கிறேன், என் வேலையே ஆப் எழுதுவதுதான். ஃபோர்ஸ் ஸ்டாப் என்பது சாதாரணமாக மூடுவது இல்லை. "நானே திறக்கும் வரை நீ எழுந்திருக்காதே" என்று ஆப்புக்குச் சொல்வது அது. அதன் அலாரங்கள் ரத்தாகும், வெளியிலிருந்து வரும் நோட்டிஃபிகேஷனும் அதை எட்டாது. இரவில் நீங்கள் கொடுத்த ஃபோர்ஸ் ஸ்டாப் அப்படியே நின்றதால்தான் அந்த அம்மா வாசலில் நின்றிருக்கிறார். போன் வாங்கியபோதே இருக்கிற, நீக்க முடியாத, உங்களுக்கு வேண்டாத ஆப்களுக்கு டிசேபிள் கொடுங்கள். பணம் வரும் ஆப்பை, வாட்ஸ்அப்பை, அலாரத்தைத் தொடவே வேண்டாம்.

பின்னணியில் ஓடுவதை ஆண்ட்ராய்டு வருடத்துக்கு வருடம் கட்டுப்படுத்தி வந்திருக்கிறது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் போன் அசையாமல் கிடந்தால் எல்லாவற்றையும் தூங்கவைக்கும் வசதி வந்தது. 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 நீங்கள் எந்த ஆப்பை எவ்வளவு திறக்கிறீர்கள் என்று பார்த்து வரிசை பிரித்தது, அதிகம் திறக்காதவற்றுக்கு வேலை செய்யக் கிடைக்கும் நேரம் குறைவு. அதனால் உங்களுக்கு அவசியமான ஒரே ஒரு ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். பேட்டரி ஆப்டிமைசேஷன் பட்டியலில் பணம் வரும் ஆப்பை "டோன்ட் ஆப்டிமைஸ்" ஆக்குங்கள். சில நிறுவன போன்களில் "ஆட்டோ ஸ்டார்ட்" என்று இன்னொரு பூட்டு இருக்கும், அதையும் அந்த ஆப்புக்குத் திறந்துவிடுங்கள். விளையாட்டுகளுக்கு நேர்மாறாகப் பின்னணி அனுமதியை நிறுத்துங்கள்.

கல்லூரி மாணவன்:
நன்றி அண்ணா, நான் தவறாகச் சொல்லிவிட்டேன். என் போன் ஆண்ட்ராய்டு 14. அதில் க்ளீனர் ஆப் போடலாமா?

ஆப் எழுதுபவன்:
பயனில்லை தம்பி. ஆண்ட்ராய்டு 14 முதல், நீ போட்ட ஒரு ஆப், க்ளீனர்கள் மற்ற ஆப்களை நிறுத்த வழக்கமாகப் பயன்படுத்தும் கட்டளையைக் கொடுத்தால் அதன் சொந்தப் பின்னணி வேலைகள் மட்டுமே நிற்கும், அடுத்த ஆப்பை அதனால் நிறுத்த முடியாது. ஆண்ட்ராய்டு 13-இலேயே மேலிருந்து இழுத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்களின் பட்டியல் ஸ்டாப் பட்டனோடு வந்துவிட்டது. அதுவே போதும்.

தையல்கடை:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். அட்மின் அனுமதியை நீக்கியதும் க்ளீனர் போய்விட்டது. வாட்ஸ்அப்பில் மட்டும் 6 ஜிபி பழைய வீடியோ இருந்தது, அளவுப் படங்களைக் கார்டில் ஏற்றிவிட்டு அவற்றை அழித்தேன். நேற்று டிசைனைப் பார்த்துக்கொண்டே கேமராவுக்குப் போய் வந்தேன், அதே படம் அங்கேயே இருந்தது. போன் இன்னும் மெதுதான், ஆனால் வேலை நிற்கவில்லை.

இன்று சாயங்காலம் அந்த அம்மாவே ப்ளவுஸ் வாங்க வந்தார். போன் மிஷின் மேல் திரை அணைந்து கிடந்தது. அவர் 350 ரூபாய் அனுப்பினார், போனைக் கைப்பைக்குள் வைப்பதற்குள் என் போனில் சத்தம் வந்துவிட்டது.