மல்லாந்து கிடக்கிற டாரன்டுலா: செத்துடுச்சா, சட்டை உரிக்குதா?

கேள்வி:
நான் வளர்க்கிறது டாரன்டுலா, அதாவது உடம்பெல்லாம் முடி இருக்கிற பெரிய சிலந்தி. மெக்சிகன் ரெட் நீங்கிற இனம், பெண்ணுன்னு சொல்லித்தான் வித்தாங்க. காலோட சேர்த்து 13 செ.மீ. அஞ்சு வாரமா இரைக்கு கிரிக்கெட் பூச்சி போட்டா கிட்டகூட போகல. நாலு நாள் முன்னாடி தரையில வெள்ளைப் பாய் மாதிரி வலை பின்னுச்சு. இன்னிக்குக் காலையில அது மேலயே மல்லாந்து கிடக்கு, கால் எல்லாம் விரிஞ்சிருக்கு, அசைவில்ல. திருப்பிப் போடலாமா? தண்ணி தெளிக்கலாமா? ஒரு கிரிக்கெட் இன்னும் உள்ளேயே சுத்துது.

மறுமொழி 1:
தொடாதீங்க, சட்டை உரிக்கப் போகுது. சாகப்போற டாரன்டுலா பெரும்பாலும் குப்புறவே இருந்து எட்டுக் காலையும் அடியில சுருட்டிக்கும். காலை மடக்கத் தசை உண்டு. முக்கியமான மூட்டுகள்ல நீட்டுறதுக்குத் தசை கிடையாது, உடம்புத் திரவத்தோட அழுத்தம்தான் நீட்டுது. நீர்ச்சத்து வத்தினா அழுத்தம் விழுந்து கால் தானா மடங்கிடும். உங்களுது விரிச்சு வச்சிருக்கு, நல்ல அடையாளம்.

முதல்ல அந்தக் கிரிக்கெட்டை நீள இடுக்கியால வெளிய எடுங்க. உரிச்ச உடனே சிலந்தியோட தோல் மெத்துனு இருக்கும், கிரிக்கெட் கடிச்சுக் குதறிடும். தண்ணித் தட்டை நிரப்பி வச்சுட்டு நகர்ந்துடுங்க.

மறுமொழி 2:
தெளிக்கவே வேண்டாம். இது மெக்சிகோவோட பசிபிக் கரைப்பக்க வறண்ட காட்டு இனம். முன்னாடியே குடிச்சு உடம்புல சேர்த்த தண்ணிதான் சட்டையைக் கழட்ட உதவும். மேல ஸ்பிரே அடிச்சா மிரளத்தான் செய்யும். முதுகு ஓடு மூடி மாதிரி முதல்ல திறக்கும், அப்புறம் வயித்தோரம் கிழியும், கடைசியா கையுறையிலேருந்து விரலை உருவுற மாதிரி காலை உருவும். உருவும், நிறுத்தும், மறுபடி உருவும். பெரிய சிலந்திக்கு அரை நாள்கூட ஆகலாம்.

கேட்டவர்:
சட்டை கழண்டுடுச்சு. ஆனா ஒரு பின்னங்கால் நுனி பழைய தோல்லயே மாட்டியிருக்கு. விஷப்பல் வெள்ளையா இருக்கு. இழுத்து விடவா?

மறுமொழி 1:
இழுக்காதீங்க, கால் மூட்டோட வந்துடும். மெல்லிசான பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, ஒட்டின இடத்துல மட்டும் ஒரு சொட்டு வைங்க. அரை மணிக்கு ஒரு தடவை போதும். அடிவயித்துல நாலு வெளிறின திட்டு தெரியும், மூச்சு விடுறது அது வழியாத்தான். அங்க தண்ணி படக்கூடாது. கழண்டு வரலைனா விட்டுடுங்க. கால் போனாலும் அடுத்த உரிப்புல முளைக்கும், முதல்ல கொஞ்சம் மெலிசா.

விஷப்பல் வெள்ளையிலேருந்து சிவந்து, நல்லாக் கருத்த பிறகுதான் இரை. இந்த அளவுக்கு 10 முதல் 14 நாள். அவசரப்பட்டுப் போட்டா பல் வளைஞ்சுடும்.

மறுமொழி 3:
சட்டையைத் தூக்கிப் போட்டுடாதீங்க, பெண்தானான்னு அதுலயே பார்த்துடலாம். கையுறை போட்டு எடுங்க, சிலந்தி உடம்புல இருக்கிற அரிப்பு முடி அதுலயும் அந்த வலைப்பாய்லயும் ஒட்டியிருக்கும், கண்ணுல பட்டா பெரிய தொல்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணியில ஊறவச்சு, வயித்துத் தோலை உள்பக்கம் தெரிய விரிங்க. மேல் ரெண்டு திட்டுக்கு நடுவுல சின்ன மடல் மாதிரி துருத்திக்கிட்டிருந்தா பெண்.

இனி கொஞ்ச நாள் ஒவ்வொரு காலா நீட்டி மடக்கும், ராத்திரி பெட்டியோட கண்ணாடியில ஏறவும் செய்யும். மண்ணுலேருந்து மூடி வரைக்கும் உயரம் எவ்வளவு? 20 செ.மீ.க்கு மேல இருந்தா விழுந்து வயிறு வெடிக்கிற ஆபத்து உண்டு, கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) போட்டு மண்ணை உயர்த்தணும். ஆனா இப்ப இல்ல, பல் கருத்த பிறகு.