மூன்று வருடம் தேடிக் கிடைத்த 27 அடி படகு, சர்வே ரிப்போர்ட் வந்துவிட்டது, வாங்கலாமா?

தேம்ஸ்கரையான்

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ரெடிங் பக்கம் இருக்கிறோம், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். மூன்று வருடமாகப் பழைய மோட்டார் குரூஸர் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன். கடலுக்கெல்லாம் போகிற எண்ணம் இல்லை. தேம்ஸில் சனிக்கிழமை கிளம்பி, எங்காவது கரையோரம் கட்டிப்போட்டு, ராத்திரி அதிலேயே படுத்து, காலையில் இட்லி தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இந்த ஆசைக்குப் பதினாறு படகு பார்த்தாயிற்று.

ஒன்றில் தரைவிரிப்பைத் தூக்கினால் கீழே தண்ணீர் நின்றது, "நேற்று மழை" என்றார் விற்கிறவர், நேற்று மழையே இல்லை. அழகான ஒரு ஃப்ரீமன் 23 பார்த்தோம், பெட்ரோல் இன்ஜின், மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கியவள் திரும்ப ஏறவில்லை. ஒரு அமெரிக்க ஸ்போர்ட்ஸ் குரூஸரில், பின்னால் வெளியே நீட்டியிருக்கும் அவுட்டிரைவ் வழியாகத் தண்ணீர் உள்ளே புகாமல் தடுக்கும் ரப்பர் பெல்லோஸை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன், அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இன்னொன்றைப் பார்க்க எம்4 நெடுஞ்சாலையில் பாதி தூரம் போனபோது "இப்போதுதான் விற்றுவிட்டது" என்று புரோக்கர் போன் செய்தார்.

இப்போது பதினேழாவது. 1981இல் கட்டியது, 27 அடி, ஃபைபர்கிளாஸ், பின்னால் தனி கேபின், ஒற்றை டீசல் இன்ஜின் (பி.எம்.சி. 1.5), ஷாஃப்ட் டிரைவ் (அடியில் போகும் தண்டு நேராக விசிறியைச் சுற்றும்). சொல்லும் விலை 13,500 பவுண்ட். விற்கிறவருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று விற்கிறார். உள்ளே நுழைந்ததும் மனைவி ஒன்றும் பேசாமல் அடுப்படி டிராயரை இழுத்து இழுத்துப் பார்த்தாள். இத்தனை வருட அனுபவத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நாங்கள் போனபோதே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அணைத்து மறுபடி போட்டார், ஒரே தட்டில் பிடித்தது.

சர்வேக்கு, அதாவது நிபுணர் பரிசோதனைக்கு, உட்பட்டது என்று எழுதி பத்து சதவீதம் முன்பணம் கொடுத்தோம். படகைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள். சர்வேயர் சின்னச் சுத்தியல் ஒன்றை வைத்துக்கொண்டு, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி, காதைச் சாய்த்து அடியில் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். ரிப்போர்ட் 19 பக்கம். சாரம் இதுதான்: நீர்மட்டத்துக்குக் கீழே ஈரம் அதிகம், சுக்கான் பக்கத்தில் ஃபைபர்கிளாஸுக்குள் தண்ணீர் ஊறி, பச்சைப்பயறு அளவில் ஏழெட்டுக் கொப்புளம். இரண்டு ஜன்னலுக்குக் கீழே பிளைவுட் மெத்தென்று இருக்கிறது. இன்ஜின் பின்பக்கம் எண்ணெய்க் கசிவு. காஸ் சிலிண்டர் பெட்டியின் வடிகால் துளை அடைத்திருக்கிறது. காகிதத்தில் 2003இலிருந்து 2009 வரைக்கும் விற்பனைப் பத்திரம் இல்லை.

விற்கிறவர் 500தான் குறைப்பாராம். ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வருகிறாராம். கொப்புளம் என்றதும் எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விட்டது. விடவா, வாங்கவா?

சுக்கான்பிடி

கொப்புளத்தை விடுங்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் ஏன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது? அதைக் கேட்டீர்களா?

நோர்விச் மாமா

தம்பி, சுக்கான்பிடி கேட்டதுதான் முதல் கேள்வி. நான் முப்பது வருடமாக நோர்ஃபோக் ஆறுகளில் படகு வைத்திருக்கிறேன், அதற்கு முன்னம் ஊரில் வள்ளங்களுக்கு நடுவில் வளர்ந்தவன், ஆனபடியால் கொஞ்சம் உரிமையோடு சொல்லுகிறேன், கோபிக்க வேண்டாம்.

பி.எம்.சி. 1.5 நல்ல எஞ்சின். இந்தப் பக்கம் வாடகைப் படகுகளில் ஒரு காலம் எங்கு பார்த்தாலும் இதுதான். 35 குதிரைச் சக்திக்குக் கிட்ட, தேம்ஸில் மணிக்கு 8 கிலோமீட்டருக்கு மேல் விட மாட்டார்கள், அதற்கு இது தாராளம். பின்பக்கம் எண்ணெய் சொட்டுவது இதன் பிறவிக்குணம், அந்த இடத்தில் இப்போதைய எஞ்சின்களில் இருப்பது போல ரப்பர் சீல் கிடையாது, திருகுப்புரி மாதிரி வெட்டிவிட்டிருப்பார்கள். கீழே தட்டம் வைத்துத் துடைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மணிக்கணக்கில் ஓடியபின் தட்டத்தில் ஒரு கரண்டி என்றால் கவலை இல்லை, கோப்பை கோப்பையாக என்றால் யோசியுங்கோ.

ஆனால் இந்த எஞ்சின் குளிரில் கிளம்புவதுதான் அதன் சுகநலத்தைச் சொல்லும். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இல்லாமல் கிளம்பாது. பிளக் போயிருந்தாலும், கம்ப்ரெஷன் போயிருந்தாலும் காலைக்குளிரில்தான் தெரியும், சூட்டில் எல்லாம் ஒரே தட்டில்தான் பிடிக்கும். விற்கிறவர் கள்ளர் என்று நான் சொல்லவில்லை, வயசான மனிசன் விருந்தாளி வருகிறார் என்று வீட்டைக் கூட்டி வைப்பது போலவும் செய்திருக்கலாம். காலை எட்டு மணிக்கு வருகிறேன், தயவுசெய்து தொட வேண்டாம் என்று சொல்லிப் போங்கோ. போனதும் கையை எஞ்சின் மேல் வையுங்கோ. சில்லென்று இருக்க வேண்டும்.

அடுத்தது ஈரம். நாற்பது வருடமாகத் தண்ணீரில் கிடந்த ஃபைபர்கிளாஸைத் தூக்கி இரண்டு மணி நேரத்தில் மீட்டர் வைத்தால் வேறு என்ன காட்டும்? வாரக்கணக்கில் கரையில் காயவிட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு மரியாதை. கடல்நீரை விட நன்னீரில்தான் இந்தக் கொப்புளம் கூட வரும், ஆற்றுப்படகுக்கு ஏழெட்டு என்பது ஒன்றுமே இல்லை. கொப்புளத்தால் மூழ்கின படகை நான் இன்னும் காணவில்லை. மூழ்கினது எல்லாம் ஒரு குழாய் கிளிப் துருப்பிடித்து, அல்லது பில்ஜ் (படகின் அடிப்பள்ளம்) தண்ணீரை இறைக்கும் பம்ப்பின் பற்றரி இறங்கி. மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட அடியில் பொருத்தும் ஆனோடு என்ன உலோகம் என்றும் பாருங்கோ, உங்களுக்கு மக்னீசியம் வேண்டும், துத்தநாகம் கடலுக்கு.

நானென்றால் பயப்படுவது அந்த ஜன்னல் பிளைவுட்டுக்குத்தான். ஒரு ஜன்னலைக் கழற்றினால் உக்கல் எங்கே போய் முடியும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். விலை குறைக்க அதைப் பிடியுங்கோ, கொப்புளத்தை அல்ல.

மதுரைக்காரன்

அம்பாசடர் டீசல் காருக்குள் ஓடியதும் இதே 1489 சிசி பி.எம்.சி. குடும்பம்தான். அப்பா டாக்சி ஓட்டினார். மார்கழி காலையில் ஹீட்டரைப் போட்டுவிட்டு வாய்விட்டு முப்பது எண்ணுவார், இருபதில் சாவியைத் திருப்பினால் பேட்டரிதான் போகும் என்பார். அந்த இன்ஜின் தேம்ஸில் இட்லிக்காரரைச் சுமந்துகொண்டு போகிறது என்று தெரிந்தால் சிரித்திருப்பார். எனக்குப் படகு பற்றி ஒன்றும் தெரியாது, மன்னிக்கவும், சொல்லாமல் போக முடியவில்லை.

கரையில்இருப்பவன்

எல்லோரும் இன்ஜினைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் படகு வாங்கி, நான்கு வருடம் வைத்து, விற்றுவிட்டுக் கரையேறினவன், கசப்பாகத்தான் சொல்வேன்.

முதலில் கட்டிவைக்க இடம் இருக்கிறதா? அந்தப் படகு இப்போது நிற்கும் இடம் உங்களுக்குச் சேர்ந்து வராது, பெரும்பாலும் மூரிங் உரிமை விற்கிறவரோடு போய்விடும். நான் படகை வாங்கிவிட்டு இடம் தேடினேன். வீட்டிலிருந்து ஒன்றேகால் மணி நேரத்தில்தான் கிடைத்தது, கடைசியில் மாதம் ஒரு முறை போய் பாசியைத் துடைத்துவிட்டு வருவதுதான் படகோட்டம் என்று ஆயிற்று. அடிக் கணக்கிலோ மீட்டர் கணக்கிலோ வருடத்துக்கு என்ன வாங்குவார்கள் என்று விசாரித்து, அதை 13,500 பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

இரண்டாவது, போட் சேஃப்டி சான்றிதழைக் காட்டி "எல்லாம் சரியாக இருக்கிறது" என்பார்கள். அது நான்கு வருடத்துக்கு ஒரு முறை காஸ், எரிபொருள், மின்சாரம், தீ, கார்பன் மோனாக்சைடு அலாரம் இவற்றைப் பார்ப்பது. அடிப்பாகம் ஓட்டையா, இன்ஜின் நல்லதா என்று அது பார்க்கவே பார்க்காது.

மூன்றாவது, பத்திரம் இல்லாத அந்த ஆறு வருடம். இந்த நாட்டில் ஆற்றுப்படகுக்கு உடைமைப் பதிவு கட்டாயம் இல்லை. விற்பனைப் பத்திரங்களின் சங்கிலிதான் உங்கள் பட்டா. நடுவில் யாராவது படகின் பேரில் கடன் வாங்கி அடைக்காமல் விட்டிருந்தால் அது படகோடு உங்கள் தலைக்கு வரலாம். முழங்கால் வலிக்கிற தாத்தா என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் ஆக்ஸ்ஃபர்டைத் தாண்டிப் போகும் கனவு உண்டா? ஆஸ்னி பாலத்தடியில் இடைவெளி 7 அடி 6 அங்குலம்தான். உயரத்தை டேப் வைத்து அளந்தீர்களா, அல்லது விளம்பரத்தில் படித்தீர்களா?

தேம்ஸ்கரையான்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்தாராம், பார்த்தாராம், போய்விட்டாராம்.

மாமா சொன்னபடி காலை எட்டு மணிக்குப் போனேன். புல்லில் பனி உறைந்து கிடந்தது. கையை வைத்தேன், சில்லென்றுதான் இருந்தது. மதுரைக்காரரை நினைத்துக்கொண்டு முப்பது எண்ணச் சொன்னேன், பெரியவர் பதினைந்திலேயே திருப்பிவிட்டார், பிடிக்கவில்லை. மறுபடி எண்ணினோம். இரண்டாவது முறை கரகரவென்று சுற்றி, இருமி, பின்பக்கம் வெள்ளைப் புகையைத் தள்ளிக்கொண்டு எழுந்தது. பக்கத்துப் படகுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். மூன்று நான்கு நிமிடத்தில் புகை தெளிந்து, எக்ஸாஸ்டில் தண்ணீர் துப்புத் துப்பாக ஒழுங்காக வர ஆரம்பித்தது. அரை மணி நேரம் ஓட்டினோம், லாக் (படகை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டி) ஒன்றுக்குள் போய் வந்தோம், சூட்டு முள் அசையவில்லை. தட்டில் எண்ணெய் ஒரு கரண்டிகூட இல்லை. முதல் நாள் ஏன் ஓட்டி வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "கேபின் கதகதப்பாக இருந்தால் பெண்களுக்குப் பிடிக்கும்" என்றார். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை, ஆனால் அன்றைக்குக் கதகதப்பாகத்தான் இருந்தது.

பத்திரம் கிடைத்துவிட்டது. அவர் வீட்டில் தேடாமல் படகிலேயே தேடியிருக்கலாம், மெத்தைக்கடியில் பிளாஸ்டிக் உறைக்குள் பழைய தேம்ஸ் வரைபடத்தோடு மடித்து வைத்திருந்தார். பெயர்கள் வரிசையாகச் சேருகின்றன. கடன் ஏதும் இல்லை என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடச் சம்மதித்துவிட்டார்.

ஜன்னலுக்கு ஒரு தச்சரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் சொன்ன தொகையை அப்படியே விலையில் கழிக்கக் கேட்டேன், இழுத்துப் பிடித்து 12,100இல் நின்றது. கரையில்இருப்பவன், உங்கள் கசப்புதான் எனக்கு அதிகம் உதவியது. இடம் உறுதியாகும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்கவில்லை. வீட்டிலிருந்து காரில் பதினெட்டு நிமிடத்தில் கிளை ஓடை ஒன்றில் இடம் கிடைத்தது, கழிவறை தூரம், மின்சாரம் இல்லை, பரவாயில்லை. உயரமும் அளந்தேன். கூரைத்துணியை மடித்தால் 7 அடி 2. ஆஸ்னிக்கு நான்கு அங்குலம் மிச்சம், மழைக்காலத்தில் அதுவும் இருக்காது.

சனிக்கிழமை சாவி வாங்குகிறோம். முதலில் எதைச் செய்ய? மனைவி திரைச்சீலை என்கிறாள்.

நோர்விச் மாமா

காஸ் பெட்டி வடிகாலைக் குத்தித் திறக்கும்வரை அடுப்பைத் தொட வேண்டாம். காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் பில்ஜுக்குள்தான் இறங்கும். ஒரு கம்பியும் ஒரு வாளி தண்ணீரும் போதும், பத்து நிமிட வேலை, ஊற்றிய தண்ணீர் வெளியே ஆற்றில் விழுகிறதா என்று நின்று பாருங்கோ. அப்புறம் திரைச்சீலை.

கரையில்இருப்பவன்

ஆஸ்னிக்கு முன்னால் உள்ள லாக்கில் அளவுப்பலகையைப் பார்த்துவிட்டுப் போங்கள். லாக்கில் நீரோட்டம் பலமாக இருக்கிறது என்ற சிவப்பு எச்சரிக்கைப் பலகை இருந்தால் கிளம்பவே வேண்டாம். எந்த ஊரில் கட்டியிருக்கிறீர்கள் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், சட்னி நான் கொண்டுவருகிறேன்.