பெரிய கோயில் நிழல் தரையில் விழாது என்று இன்னும் எத்தனை நாளைக்கு எழுதுவீர்கள்?

கரந்தையான்
ஊர்சுற்றி போட்டிருக்கும் 'வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டிய 10 இடங்கள்' பட்டியலைப் படித்தேன். தாஜ்மஹால், ஹம்பி, அங்கோர்வாட், மச்சு பிச்சு எல்லாம் இருக்கிறது, சந்தோஷம். நான்காவதாக எங்கள் ஊர். அதற்கு அவர் எழுதியிருப்பது ஒரே ஒரு வரி: "தஞ்சைப் பெரிய கோயில், விமானத்தின் நிழல் தரையில் விழாத அதிசயம்." படித்ததும் வயிறு எரிந்தது.

நான் பிறந்து வளர்ந்தது தஞ்சாவூர்க் கரந்தையில். சித்திரை, வைகாசியில் சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலுக்குள் போனால் செருப்பில்லாத காலை அந்தக் கல்தரையில் வைக்க முடியாது. சனங்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் எங்கே நிற்பார்கள்? விமானத்தின், அதாவது கருவறைக்கு மேலே எழும் அந்தக் கோபுரத்தின், நிழலில்தான். அப்பா துண்டை விரித்து உட்காருவார். நிழல் நகர நகர நாங்களும் துண்டை இழுத்துக்கொண்டு நகர்வோம். தரையில் விழாத நிழலிலா நாங்கள் அத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தோம்?

நிழல் விழும். தயவுசெய்து அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

ஊர்சுற்றி
நண்பரே, பட்டியலில் 10 இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிதான் எழுத முடியும். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் எழுதினேன். கோயிலுக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போன வழிகாட்டியும் அதையேதான் சொன்னார். அவரும் தஞ்சாவூர்க்காரர்தான்.

சோழநாட்டான்
கரந்தையான் அண்ணே, நிழல் விழாது என்றால் நடுப்பகலில் விழாது என்று அர்த்தம். சாயங்காலம் விழாது என்று யார் சொன்னது? ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய கட்டடக்கலை அது. அதில் குறை கண்டுபிடிக்க வேற்றூர்க்காரன் வர வேண்டாம், நம்ம ஊர்க்காரனே போதும் போல.

கரந்தையான்
நான் எங்கே கோயிலைக் குறை சொன்னேன்? அந்த வரியைத்தான் சொன்னேன். நடுப்பகலிலும் விழும். மார்கழியில் வந்து பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும், சண்டிகேசுவரர் சந்நிதி இருக்கிற பக்கம். கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

கோணமானி
முதலில் 'நிழல் விழாது' என்றால் என்ன என்று ஒரு வரியில் முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த மாதம், எந்த மணி, எதன் நிழல்? விமானம் 216 அடி, அடித்தளம் ஒரு பக்கம் ஏறக்குறைய 100 அடி. அப்படியானால் சூரியன் 77 பாகைக்கு மேலே இருக்கும்போது உச்சியின் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குக் கீழே இறங்கினால் வெளியே வந்துவிடும். தஞ்சாவூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேலே வரும். அன்றைக்கு உங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் நிழல் விழாது. டிசம்பர் நண்பகலில் சூரியன் 56 பாகையில்தான் இருக்கும். கணக்குப் போட்டால் உச்சியின் நிழல் அடித்தளத்தைத் தாண்டிக் கிட்டத்தட்ட 100 அடி தூரம் தரையில் கிடக்க வேண்டும்.

சோழநாட்டான்
கணக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வந்தது கலசத்தின் நிழல். கலசத்தின் நிழல் விழாது.

கரந்தையான்
பார்த்தீர்களா! முதலில் விமானம். அப்புறம் நடுப்பகல். இப்போது கலசம். நாளைக்குக் கலசத்தின் நுனி என்பீர்கள். கலசத்தின் நிழலும் விழும் ஐயா, விமானத்தின் நிழல் எங்கே முடிகிறதோ அங்கே.

மதுரைக்காரி
தஞ்சாவூர்க்காரர்கள் இரண்டு பேரும் நிழலைக் கட்டிக்கொண்டு அழுங்கள். என் கேள்வி வேறு. 10 இடத்தில் மீனாட்சியம்மன் கோயில் ஏன் இல்லை? ஊர்சுற்றி மதுரைக்கு வந்தாராம், ஜிகர்தண்டா குடித்தாராம், படமெல்லாம் போட்டாரே!

ஊர்சுற்றி
அக்கா, தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுதான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

மதுரைக்காரி
வைத்துக்கொண்டது நீங்கள்தானே, சட்டமா போட்டிருக்கிறார்கள்? தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை போய் நின்றுவிட்டு, பூட்டியிருக்கிறது என்று இங்கே வந்து புலம்பிய ஆள் நீங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதுகூடத் தெரியாமல் போனவர் உலகத்துக்கே பட்டியல் போடுகிறீர்கள்.

ஊர்சுற்றி
அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. மறக்கவே மாட்டீர்களா?

வல்வையான்
பட்டியலில் அங்கோர்வாட்டுக்கு 'தமிழ் மன்னன் கட்டிய உலகின் மிகப்பெரிய கோயில்' என்று எழுதியிருக்கிறீர்கள். இதையும் யாராவது கேட்க வேண்டாமா? அதைக் கட்டியவர் கம்போடியாவின் கெமர் அரசர் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டில், விஷ்ணுவுக்காக. பெயரில் வர்மன் இருந்தால் தமிழர் ஆகிவிடுவாரா? கடல் தாண்டிச் சோழர் எழுப்பியதைப் பார்க்க ஆசையிருந்தால் இலங்கையில் பொலன்னறுவைக்கு வாருங்கள். வானவன்மாதேவி ஈச்சரம் இருக்கிறது, முழுக்கக் கல்லில், இன்றைக்கும் லிங்கத்தோடு. சின்னக் கோயில்தான். ஆனால் வாசலில் போய் நின்றாலே சோழநாட்டுக் கட்டுமானம் என்று தெரிந்துவிடும். அதை ஒருவரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

சோழநாட்டான்
வல்வையான், அங்கோர்வாட் விஷயத்தில் பல்லவத் தொடர்பு உண்டு. ஈழத்து நண்பர்களுக்கு எப்போதும் நாங்கள் சொல்வதை மறுப்பதில் ஒரு மகிழ்ச்சி.

வல்வையான்
தொடர்பு என்பது வேறு, கட்டியது என்பது வேறு. ஈழத்தை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? போன தைப்பொங்கல் விவாதத்திலும் இதையே செய்தீர்கள். நான் மறக்கவில்லை.

கரந்தையான்
வல்வையான் சொல்வது சரி. இரண்டுமே ஒரே வியாதிதான். இருக்கிற பெருமை போதாது என்று இல்லாததைச் சேர்ப்பது. அதனால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்தக் கோயிலின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர் வெட்டியிருக்கிறது. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார், தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, தெருவில் தென்சிறகா வடசிறகா (தெற்கு வரிசையா வடக்கு வரிசையா), எத்தனையாவது வீடு, எல்லாம். ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் பங்கு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆடிய பெண்ணின் வீட்டு விலாசம் கல்லில் இருக்கிறது! "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொன்னது அப்படியே இருக்கிறது. அரசன் கொடுத்ததும் அடுத்தவர் கொடுத்ததும் ஒரே சுவரில். பெருந்தச்சன் பெயரும் இருக்கிறது, குஞ்சரமல்லன்.

போன மாதம் வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா பிள்ளைகளிடம் "நிழல் விழாது பாருடா" என்று அண்ணாந்து காட்டிக்கொண்டிருந்தார். நால்வரும் நின்றது நிழலில். அவருக்கு முன்னால், முழங்கால் உயரத்தில், அத்தனை எழுத்து. ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சோழநாட்டான்
கல்வெட்டு எங்களுக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் ராஜராஜன் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நிழல் விழாது என்று கேள்விப்பட்டுத்தானே பாதி சனம் கோயிலுக்கே வருகிறது? அதைக் கெடுப்பதில் உங்களுக்கு என்ன லாபம்? 80 டன் ஒற்றைக்கல்லை உச்சியில் ஏற்றினான் நம் ஆள். அதையாவது ஒப்புக்கொள்வீர்களா?

கரந்தையான்
அதுவும் ஒரே கல் இல்லை. துண்டு துண்டாக இழைத்துச் சேர்த்தது.

சோழநாட்டான்
தெரியும்! இதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் விட்டால் கோயிலே இல்லை என்பீர்கள்.

கரந்தையான்
சுற்றுவட்டாரத்தில் ஒரு மலை கிடையாது. களிமண் வயல். அத்தனை கருங்கல்லையும் வெளியிலிருந்து கொண்டுவந்து, 1010இல் கலசம் வைத்திருக்கிறார்கள். துண்டாக ஏற்றினால் மட்டும் லேசான வேலையா? 200 அடி உயரத்துக்கு ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பாருங்கள், தெரியும். அப்புறம், நிழல் விழும்.

குடந்தைக் காபி
நடுவே வருகிறேன், மன்னியுங்கள். பட்டியலில் ஒன்றுதான் என்றால் அது கங்கைகொண்ட சோழபுரமாக இருக்க வேண்டும். தஞ்சாவூர் விமானம் நேர்க்கோடாக ஏறும். இது உள்வாங்கி வளைந்து ஏறும், அந்த வளைவு தஞ்சாவூரில் இல்லை. கூட்டமும் கிடையாது. சண்டேச அனுக்கிரக மூர்த்தியின் முன்னால் அரை மணி நேரம் தனியாக நிற்கலாம். சிவன் குனிந்து சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிற அந்தக் கையைப் பாருங்கள். தஞ்சாவூரில் அப்படி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

கரந்தையான்
அப்பன் ராஜராஜன் கட்டியதை விட்டுவிட்டு மகன் ராஜேந்திரன் கட்டியதைப் பார் என்கிறீர்களா? கங்கைகொண்ட சோழபுரம் அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யுனெஸ்கோ தஞ்சாவூரை 1987லேயே சேர்த்துவிட்டது. உங்களுடையதும் தாராசுரமும் 2004இல்தான்.

குடந்தைக் காபி
இப்போது யுனெஸ்கோ சான்றிதழ் வேண்டுமா? ஊர்க்காரன் சொல்வதுதான் சரி என்று இவ்வளவு நேரம் எழுதியது யார்?

கோணமானி
எந்த மாதம், எந்த மணி என்று நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மதுரைக்காரி
மீனாட்சியம்மனுக்கும் பதில் வரவில்லை.

ஊர்சுற்றி
சரி, ஒரு திருத்தம் போட்டுவிட்டேன்: "விமானத்தின் நிழல் நண்பகலில் தரையில் விழாத அதிசயம்." இத்தோடு விடுங்கள்.

கரந்தையான்
இதுவும் தப்பு! மார்கழி நண்பகல் என்று மேலே எழுதினேனே, படிக்கவே இல்லையா? கோணமானி கணக்கே போட்டுக் காட்டினாரே? நண்பகல் என்ற சொல்லையும் சேர்த்து அந்த வரியை எடுங்கள். அந்த இடத்தில் 400 பெண்களின் விலாசம் இருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு வரிதான், உங்கள் கணக்குக்குள்ளேயே அடங்கும்.

சோழநாட்டான்
எடுக்காதீர்கள் ஊர்சுற்றி. ஒருவர் சத்தம் போடுகிறார் என்பதற்காக ஊரே நம்புவதை மாற்ற வேண்டியதில்லை. மாமா வீடு மேல வீதியில்தான், எத்தனையோ முறை போயிருக்கிறேன். கலசத்தின் நிழலை நான் பார்த்ததே இல்லை.

கரந்தையான்
எப்போது போனீர்கள்? என்ன மாதம்? தரையைப் பார்த்தீர்களா, மேலே பார்த்தீர்களா? மார்கழியில் வாருங்கள், பன்னிரண்டே கால் மணிக்கு. வடக்குப் பக்கம் நிற்கிறேன். நிழலின் நுனியில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுகிறேன்.

சோழநாட்டான்
மார்கழியில் எனக்குச் சென்னையில் கச்சேரி இருக்கிறது. கலசத்தின் நிழல் விழாது.

கரந்தையான்
விழும்.