பெயர் பொருத்துற வேலை தெரிந்த ஆராவது இருக்கிறீங்களா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் விறகடுப்புப் புகைக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள தொடர்பைப் பார்க்க, ஒரே குடும்பங்களைச் சில வருசமாகப் பின்தொடர்கிறம். இப்ப ஆஸ்பத்திரி விடுதிப் பதிவுகளில ஐசிடி-10 எண்ட சர்வதேச நோய்க் குறியீட்டு முறைப்படி ஜே00 தொடக்கம் ஜே99 வரை (மூச்சு நோய்கள்) குறியிட்ட நோயாளர்களை எங்கட பட்டியலோட இணைக்க வேணும். நெறிமுறைக் குழு அனுமதி கையில இருக்கு.

அடையாள அட்டை இலக்கம் இருந்தால் சுகம். 2016க்கு முந்தின 9 இலக்கத்துக்கு முன்னால 19 போட்டு, பழைய இலக்கத்தின்ர முதல் ஐந்துக்குப் பிறகு ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை விட்டால் புது 12 இலக்கம் வந்திடும்.

சிக்கல் பிள்ளையளும், இலக்கம் எழுதப்படாத பெரியாக்களும்தான். கலியாணம் முடிஞ்சால் தகப்பன்ர முதலெழுத்துப் போய்ப் புருசன்ர எழுத்து வந்திடும். 2009 இடப்பெயர்வுக்குப் பிறகு விலாசத்தையும் நம்ப ஏலாது. ஆங்கிலத்தில எழுதின பெயரை ஒலிப்படி குறியீடாக்கிற சவுண்டெக்ஸ் முறையைப் போட்டுப் பார்த்தம். அது முதலெழுத்தை அப்படியே வைக்கிறதால ஆங்கிலத்தில ‘கே’யில எழுதின கணேசனும் ‘ஜி’யில எழுதின கணேசனும் வேற ஆக்களாம்! (ழகரப் பெயர்களின்ர கூத்தைச் சொல்லவே வேண்டாம்.)

தமிழ்ப் பெயருக்கு ஃபெலெகி–சன்டர் முறையில (இரண்டு பதிவும் ஒரே ஆளா எண்டு நிகழ்தகவால கணிக்கிற முறை) எடை போட்டுப் பார்த்தவை, ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழுக்குத் திருப்பிற விதிகள் வச்சிருக்கிறவை தயவுசெய்து சொல்லுங்கோ. பிறந்த திகதியில எவ்வளவு வித்தியாசத்தை விட்டுக்குடுத்தீங்கள் எண்டதும் வேணும். உதாரணத்துக்குக்கூட உண்மையான நோயாளர் பெயரை அனுப்பாதீங்கோ.