சந்தை, தோட்டம் வந்தப்புறம் உங்க வீட்டுச் சாப்பாட்டுல என்ன மாறுச்சு? ராமநாதபுரம் கடற்கரைக்காரங்க சொல்லுங்க

உச்சிப்புளி அக்கா:
நானே ஆரம்பிக்கிறேன். நம்ம பக்கம் சாப்பாடுன்னா சோறு, மீன் குழம்பு, மீன் இல்லாட்டி கருவாடு. காய்னா பல்லாரி வெங்காயம், தக்காளி, உருளைக்கிழங்கு, அவ்ளோதான். ஒட்டன்சத்திரத்துலயும் மதுரையிலயும் லாரி ஏறுற காய் நம்ம ஊரு கடைக்கு வரும்போதே வாடிப்போயிருக்கும், கீரைய பத்தி சொல்லவே வேணாம். ராமநாதபுரம் உழவர் சந்தைக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் எங்க வீட்டுல கீரை அடிக்கடி வேக ஆரம்பிச்சுது. வெல குறைச்சல், போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, பேரம் பேச வேணாம், அதெல்லாம் உண்மைதான். ஆனா என்னைய மாத்துனது அங்க கீரை விக்கிற ஒரு அம்மா. முளைக்கீரை கேட்டேன், "அது நேத்து பறிச்சதுத்தா, இந்தா தண்டங்கீரை, விடியக்காலம் அறுத்தது, தண்டுல நார உரிச்சிட்டு நெத்திலிக் கருவாடு போட்டு குழம்பு வையி"ன்னாங்க. வச்சேன். எங்க வீட்டு சின்னவன் கருவாட்ட விட்டுட்டு தண்ட சப்புறான். இந்தப் பக்குவத்த எந்தக் கடைக்காரரு சொல்லப் போறாரு?

பாம்பன் தங்கச்சி:
அக்கா சொல்றது நல்லாருக்கு, ஆனா எங்களுக்கு அந்தச் சந்தை எட்டாது. அது விடிகாலை வியாபாரம். அந்த நேரத்துல எங்கம்மா கரையில நிப்பாங்க, வள்ளம் வந்து மீன் ஏலம் போயி கையில காசு வரும்போது மணி பத்து பதினொண்ணு ஆயிடும், அதுக்கப்புறம் பஸ் புடிச்சு ராமநாதபுரம் போனா அங்க என்ன மிச்சமிருக்கும் சொல்லுங்க. 1999ல மதுரையில மொத உழவர் சந்தை தொறந்தப்ப வெவசாயிக்கும் நேரா காய் வாங்குறவங்களுக்கும் நல்லதுன்னுதான் தொறந்தாங்க, நல்லதுதான் நடந்துச்சு, ஆனா கடல் நேரத்துல வாழுற சனத்துக்கு சாயங்காலச் சந்தைதான் வேணும். இத நான் கோவமாத்தான் சொல்றேன். எங்க தெருவுல இரும்புச்சத்து மாத்திரை வாங்காத பொம்பளப் புள்ளைங்க கம்மி.

கீழக்கரை மருமக:
எங்க மொட்டமாடி கதைய சொல்றேன். மாமிக்கு சுகர், டாக்டர் காய்கறி கூட்டிக்க சொல்லிட்டாரு, ஆனா வீட்டுல மீனாணம், அதான் மீன் குழம்பு, இல்லாம சோறு இறங்காது. போர் தண்ணி உப்பு, மொதல்ல போட்ட கத்திரி நாத்து எல்லாம் இலை ஓரம் கருகிப் போச்சு. பக்கத்து மாடி ராத்தாதான் வழி சொன்னாங்க: அரிசி கழுவுன தண்ணிய எடுத்து வையி, மழை வர்ற ஐப்பசியில விதைப் போடு, உப்பு தாங்குற சாதியா பாத்து போடு. இப்ப பருப்புக்கீரை, சீனியவரைக்காய் (கொத்தவரை), ஒரு முருங்கை. மீன் செதில், குடல் எல்லாத்தயும் அதே எடைக்கு வெல்லம் போட்டு மூடி வச்சு, மீன் அமிலம் ஆனப்புறம் தண்ணியில நல்லா நீர்க்கக் கலந்து ஊத்துறேன். ஒரு வீட்டுக்குன்னு போட்டா மிஞ்சும், அதனால எங்க தெருவுல நாலஞ்சு மாடி சேந்து மாத்திக்கிறோம், என் முருங்கக்கீரை அங்க போகும், அவங்க சுண்டைக்கா இங்க வரும். மாமி இப்ப தானே மாடி ஏறி கீரை கிள்ளிட்டு வந்து, "நான் கிள்ளுனது, ஒருத்தரும் தட்டுல மிச்சம் வைக்காதீங்க"ன்னு பேரப்புள்ளைங்கள உக்கார வச்சு ஊட்டுறாங்க. டாக்டர் சீட்டால ஆகாதது அது.

மண்டபம் நர்ஸ்:
இதுல கொஞ்சம் கணக்கு சொல்றேன். நம்ம தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, அதுல 100 கிராம் கீரைன்னு இருக்கு. நான் போற வீடுகள்ல அதுல பாதி கூட சாப்பிடுறது கிடையாது. மீன்ல புரதம் நிறைய இருக்கு, நார்ச்சத்துதான் நம்ம தட்டுல இல்லாத சாமான். அமெரிக்காவுல டென்வர் பக்கம் 291 பேர வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, ஒரு பங்கு ஆளுங்களுக்கு சமுதாயத் தோட்டத்துல பாத்தி, விதை, நாத்து எல்லாம் குடுத்தாங்க, மத்தவங்கள அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லிட்டாங்க. 2023ல முடிவு வந்துச்சு, தோட்டம் போட்டவங்க நாளைக்கு 1.4 கிராம் நார்ச்சத்து கூட சாப்பிட்டாங்க, மனக்கவலையும் கொறஞ்சுச்சு. கிராமா பாத்தா சின்னதுதான், ஆனா நான் வருஷக்கணக்கா "காய் சாப்பிடுங்க"ன்னு நோட்டீஸ் குடுத்து அது கூட நடக்கல, அதனால எனக்கு இது பெருசு. இன்னொண்ணு, கடற்கரை உப்பு மண்ணுல தானா முளைக்கிற உமரிக்கீரை பறிக்கிறவங்க ரெண்டு தடவ வேகவச்சு தண்ணி வடிச்சிட்டு சமைங்க, பிரஷர் இருக்கவங்க கம்மியா எடுங்க, அதுல உப்பு தானாவே இருக்கு.

சாயல்குடி மாமா:
நான் விக்கிற பக்கத்துல இருந்து சொல்றேன். எங்க காடு முண்டு மிளகாய்க் காடு, 2023ல அதுக்குப் புவிசார் குறியீடு கெடைச்சது பெருமைதான், ஆனா மிளகாய் வெல ஏறி இறங்கும், வீட்டுச் சோத்துக்கு அது உதவாது. சந்தைக்குன்னு கொத்தவரை, வெண்டை, பாகல் போட ஆரம்பிச்சப்புறம், வளைஞ்சது முத்துனதுன்னு விக்க முடியாத காய் எங்க வீட்டுக்கே வந்துருது, அதனால காய் காசு குடுத்து வாங்குறதே கொறைஞ்சு போச்சு. ஒரு கஷ்டம் சொல்லணும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், பெரிய படகு ஓடாது, கடக்கரைப் புள்ளைங்களுக்கு காய் ரொம்ப வேணும்ங்கிற நேரம் அதுதான், ஆனா அப்பத்தான் எங்க கம்மாய் வத்திக் கெடக்கும், செடியில ஒண்ணும் இருக்காது. மழைக்காலத்துல மிஞ்சுற கொத்தவரையையும் சுண்டைக்காயையும் மோர்ல ஊறப்போட்டு வத்தல் போட்டு வச்சுக்கங்க, சித்திரை வைகாசிக்கு அது கைகுடுக்கும்.

பாம்பன் தங்கச்சி:
வத்தல் யோசனை எங்கம்மாக்குப் புடிச்சிருச்சு மாமா, கருவாடு காய வைக்கிற இடம்தான் எங்க கிட்ட இருக்கே. உச்சிப்புளி அக்கா, ஒரு உதவி. எங்க தெருப் பொம்பளைங்க பத்து பேரு சேந்து முன்பணம் குடுக்குறோம், நீங்க சந்தையில கீரை கட்டுக் கட்டா வாங்கி காலைப் பஸ்ல குடுத்து விட முடியுமா? பாம்பன் ஸ்டாப்புல ஆள் நிக்கும்.

உச்சிப்புளி அக்கா:
குடுத்து விடுறேன்மா. செவ்வாயும் வெள்ளியும் போறேன், முந்தின நாள் ராத்திரியே எத்தனை கட்டுன்னு சொல்லிருங்க, ஈரச் சாக்குல சுத்திக் குடுக்கச் சொல்லி அந்தம்மாட்ட பேசிக்கிறேன்.