பாயிண்ட் மாத்தின பிறகு கிக்கர் திருப்பி அடிக்குது, பிளக்கும் வெள்ளை. டைமிங்கா, ஜெட்டா?

தார்ப்பாய்க்காரன்:

அப்பா ஓட்டின வண்டி. 350 சிசி, நாலு ஸ்ட்ரோக், ஒத்தை சிலிண்டர், 12 வோல்ட் பேட்டரி, ஸ்பார்க் வர்றதுக்கு கரண்டை வெட்டிவிடுற பாயிண்ட் செட். ஆறு வருஷம் தார்ப்பாய்க்கு அடியில கிடந்துச்சு. போன வாரம் பாயிண்ட், கண்டென்சர், பிளக் மூணையும் புதுசா நானே போட்டேன். மூணாவது கிக்குல எழுந்திருச்சு. அந்த சந்தோஷம் ஒரு நாள்தான்.

இப்ப கிக் பண்ணினா கிக்கர் திருப்பி அடிக்குது, நேத்து கணுக்கால் வீங்கிடுச்சு. மேடு ஏறும்போது என்ஜினுக்குள்ள யாரோ கோலிக்குண்டு உருட்டுற மாதிரி சத்தம். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளைன்னா லீன், அதாவது பெட்ரோல் பத்தலைன்னு படிச்சேன். கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுற மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிசாக்கலாமா? ஸ்பார்க் வர்ற டைமிங் மாறியிருக்க வாய்ப்பில்லை. பாயிண்ட் உக்காந்திருக்கிற தட்டை நான் அசைக்கவே இல்லை, பழைய கீறல் குறி அப்படியே இருக்கு. பாயிண்ட் பிரியும்போது வர்ற கேப் கூட ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) வெச்சுத்தான் செட் பண்ணினேன்.

ரிசர்வ்ல ஓடுறவன்:

ஜெட்டை ஏத்துங்க ப்ரோ. பிளக் காப்பிப்பொடி கலர்ல வந்தா எல்லாம் சரியாயிடும்.

பழைய இரும்பு:

தம்பி, ஜெட்டைத் தொடாதீங்க. தட்டை அசைக்கலைன்னா டைமிங் மாறாதுன்னு நினைச்சீங்க பாருங்க, கோளாறு அங்கதான். கேப்பை மாத்தினாலே டைமிங் மாறிடும். உள்ள சுத்துற கேமோட மேடு பாயிண்ட் குதிகாலைத் தள்ளினாத்தான் பாயிண்ட் பிரியும். கேப் அதிகமா வெச்சா மேடு ஏற ஆரம்பிக்கும்போதே பிரிஞ்சுடும், ஸ்பார்க் முந்திக்கும். கம்மியா வெச்சா பிந்தும். அதனால முதல்ல கேப், அப்புறம்தான் டைமிங். இந்த வரிசையை மாத்தினா ராத்திரி பூரா சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

திருப்பி அடிக்கிறது, மேட்டுல நாக்கிங் (அந்தக் கோலிக்குண்டுச் சத்தம்), வெள்ளை பிளக், மூணும் சேர்ந்து வந்தா நான் அட்வான்ஸ் ஓவர், ஸ்பார்க் ரொம்ப முந்துதுன்னுதான் எடுத்துக்குவேன். இந்த மாதிரி வண்டிக்கு பாயிண்ட் கேப் 0.35ல இருந்து 0.40 மிமீ. நீங்க எவ்வளவு வெச்சீங்க? ஃபில்லர் பிளேடுல மிமீயும் அங்குலமும் பக்கத்துப் பக்கத்துல அடிச்சிருப்பான், அதையும் ஒரு தடவை பாருங்க.

டைமிங் பார்க்க பெரிய சாமான் எதுவும் வேண்டாம். இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு போதும். ஒரு வயரை பாயிண்ட்டோட ஸ்பிரிங் முனையில கொடுங்க, இன்னொண்ணை என்ஜின் பாடியில. பிளக்கைக் கழட்டிட்டு டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தைக் கையால முன்பக்கமா சுத்துங்க. கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கான்னு பிளக் ஓட்டையில கட்டைவிரல் வெச்சா தெரிஞ்சிடும், காத்து விரலைத் தள்ளும். சாவியைப் போடுங்க. பாயிண்ட் ஒட்டியிருக்கிற வரைக்கும் பல்பு எரியாது. பிரியுற நொடியில பளிச்சுன்னு எரியும், அதுதான் உங்க ஸ்பார்க். சக்கரத்தை மயிரிழை மயிரிழையா நகர்த்துங்க. தாண்டிட்டா அப்படியே பின்னால இழுத்து நிறுத்தாதீங்க, பல்லுல இருக்கிற ஆட்டம் கணக்கைக் கெடுத்துடும். நல்லா பின்னால போய் மறுபடி முன்னால வாங்க. முடிஞ்சதும் சாவியை எடுத்துடுங்க. பாயிண்ட் ஒட்டின நிலையில சாவி போட்டே விட்டா காயில் சூடாகி வெந்துடும்.

(பேட்டரி இல்லாம ஸ்பார்க்குக்குத் தானே கரண்ட் எடுக்கிற மேக்னெட்டோ வண்டிக்கு இந்த பல்பு வேலை ஆகாது. அங்க பாயிண்ட் நடுவுல சிகரெட் தாளைச் செருகி, அது நழுவுற இடத்தைப் பிடிக்கணும்.)

இனி பிளக். நீங்க அதை எப்பக் கழட்டினீங்க? ஊர்ந்து வந்து, வாசல்ல ரெண்டு நிமிஷம் ஐடில்ல விட்டு, அப்புறம் கழட்டியிருந்தா அது மெயின் ஜெட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லாது. புது பிளக் போட்டு, காலி ரோட்டுல ஃபுல் திராட்டில்ல கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச் பிடிச்ச கையோட சாவியை அணைச்சு, உருண்டு நின்னு கழட்டணும். அந்த நிறம்தான் கணக்கு. அதுகூட நாக்கிங் நிக்கிற வரைக்கும் வேண்டாம், பிஸ்டன் தாங்காது.

வெள்ளைப் பீங்கானை மட்டும் பார்க்காதீங்க. மேல வளைஞ்சு நிக்கிற இரும்புக் கொம்பை வெயில்ல பிடிச்சுப் பாருங்க. அதுல ஒரு இடத்துல நிறம் மாறுற கோடு இருக்கும். வளைவுக்குப் பக்கத்துல இருந்தா டைமிங் ஏறக்குறைய சரி. அடியில, வெல்டு வெச்ச இடத்துக்கு இறங்கியிருந்தா அட்வான்ஸ் அதிகம். நுனியிலயே நின்னா ரிடார்ட், ஸ்பார்க் பிந்துது. பீங்கான்ல மிளகுத்தூள் தூவின மாதிரி கரும்புள்ளி, இல்ல பொடிப்பொடியா அலுமினிய மினுக்கு இருந்தா அது நாக்கிங். அதைப் பார்த்தா வண்டியை நிறுத்திடுங்க. அப்புறம், காப்பிப்பொடி நிறம்கிறது ஈயம் கலந்த பெட்ரோல் காலத்துக் கணக்கு. இப்ப பெட்ரோல்ல ஈயம் இல்லை, நல்லா இருக்கிற வண்டியிலயே பிளக் வெளிறித்தான் இருக்கும்.

நானும் பிளக்கை நம்பிக் கெட்டவன்தான். ஒரு வண்டியில பிளக் கருப்பு கருப்பா வந்துச்சுன்னு கார்புரேட்டர் ஊசி, ஜெட் எல்லாம் மாத்தி ஒரு மாசம் ஓட்டினேன். கடைசியில பார்த்தா சோக் முழுசா திறக்கலை.

வட்டத்தட்டு:

அண்ணன் சொன்னதோட ரெண்டு விஷயம். பல்பு எரியும்போது பிஸ்டன் உச்சிக்கு (டாப்) எவ்வளவு முன்ன நிக்குதுன்னு பார்க்கணும். உங்க பிளக் ஓட்டை சாய்வா இருந்தா கம்பியை விட்டு மிமீ அளக்காதீங்க, தப்பா காட்டும். கிராங்க்ல டிகிரி குறிச்ச வட்டத்தட்டு (டிகிரி தட்டு) மாட்டுங்க. 90 மிமீ ஸ்ட்ரோக் வண்டியில டாப்புக்கு 0.8 மிமீ முன்னங்கிறது சுமாரா 9லிருந்து 10 டிகிரி. வேகம் ஏறினா விரிஞ்சு ஸ்பார்க்கை முந்த வைக்கிற அட்வான்ஸ் வெயிட் உள்ள இருக்கும். மேனுவல்ல கொடுத்திருக்கிறது அந்த வெயிட் மூடின நிலைக்கா, முழு அட்வான்ஸுக்கான்னு பார்த்துக்கங்க. மாத்திப் படிச்சா எல்லாமே போச்சு.

ரெண்டாவது, ஆறு வருஷம் நின்ன வண்டியில அட்வான்ஸ் வெயிட் ஒட்டிப் பிடிச்சிருக்கலாம், ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கேமைக் கையால திருகி விடுங்க, தானா சடக்குன்னு திரும்பி வரணும். வரலைன்னா பல்பு வெச்சு எவ்வளவு சரியா செட் பண்ணினாலும் ஓடும்போது டைமிங் வேற எங்கயோதான் நிக்கும்.

தார்ப்பாய்க்காரன்:

அண்ணே, சொல்லவே வெட்கமா இருக்கு. பிளக் கேப் 0.6, பாயிண்ட் கேப் 0.4னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி வெச்சிருந்தேன். ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கேன்.

டிகிரி தட்டு அட்டையில வெட்டி ஒட்டினேன். பல்பு 16 டிகிரியிலயே எரிஞ்சுச்சு. கேப்பை 0.38க்குக் கொண்டுவந்ததும் பாயிண்ட் தட்டைத் தொடாமலே 11. அப்புறம் அந்த பாயிண்ட் தட்டை ஒரு துளி நகர்த்தி 9.5ல நிறுத்தினேன். வெயிட் நல்லாத்தான் திரும்புது. இப்ப ரெண்டாவது கிக்குல எழுந்திருக்குது, திருப்பி அடிக்கலை. அதே மேட்டுல கோலிக்குண்டும் இல்லை. வேற புது பிளக் போட்டு நீங்க சொன்னபடி ஓட்டிக் கழட்டினேன். கோடு வளைவுகிட்ட வந்திருக்கு. பீங்கான் வெளிர் பழுப்பு, புள்ளி எதுவும் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம். பாயிண்ட் டப்பாவுக்குள்ள பருப்பு சைஸ்ல ஒரு கிரீஸ் குப்பி இருந்துச்சு. அது எதுக்கு? நான் போடலை.

பழைய இரும்பு:

அதைக் கேமுக்குப் போடணும் தம்பி, இன்னைக்கே. குண்டூசித் தலை அளவு போதும், குதிகால் உரசுற இடத்துல மட்டும். போடாம விட்டா குதிகாலோட ஃபைபர் தேய்ஞ்சு கேப் குறையும், இந்தத் தடவை டைமிங் ரிடார்ட் பக்கம் ஓடும். அள்ளிப் பூசினா பாயிண்ட் முகத்துல தெறிச்சுக் கருகும். புது ஃபைபர் எப்படியும் முதல்ல கொஞ்சம் தேயும், 500 கிலோமீட்டர் ஆனதும் கேப்பை ஒரு தடவை பார்த்துடுங்க. அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு.